மணக்கக் கூடாத பூ

சாம்பிராணிப் புகை என்றால் எனக்குக் கோபம் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருமகள் தூபக்காலைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக வருவாள். என் அறைக்கு வருவதற்குள் நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மாமியாருக்குப் பக்தி போதாது என்று அவள் தன் அம்மாவிடம் போனில் சொன்னது ஒருநாள் என் காதில் விழுந்தது. சொல்லட்டும். எனக்குச் சாமியோடு ஒரு சண்டையும் இல்லை, புகையோடுதான். அந்தப் புகைக்கு நடுவில் வைத்துத்தான் ஒருநாள் என் வாழ்க்கையைப் பூவரச இலையில் பொட்டலம் கட்டினார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் செங்கல்பட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தேன். இடமும் கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் எட்டாவது தாண்டியதில்லை. ஆனி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அதே ஆனிக்குள் அம்மாவும் ஒன்றை முடித்துவிடப் பார்த்தாள். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அவளுக்கு அவசரம். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் இருந்தார். கட்டுமரத்தில் போகிறவர். அவருடைய மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் போடுகிற வயசுகூட வராத ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு அம்மாவாகவும் அவருக்கு மனைவியாகவும் நான் போக வேண்டும் என்பது அம்மாவின் முடிவு.

"எவளோ ஒருத்தி வந்து அந்தப் புள்ளைக்கி சூடு வெக்கறதுக்கா? நம்ம பொண்ணு போனா பெத்தவளாட்டம் பாத்துக்கும்" என்பாள். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

மாமா கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவருக்குக் குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது, அதிர்ந்துகூடப் பேச மாட்டார். செங்கல்பட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சுட்ட வஞ்சிரம் பொட்டலம் கட்டி எடுத்துவருவார். அம்மாவும் நல்லவள், அந்தக் குழந்தையைப் பார்த்தால் கல்லும் இளகும். சுற்றிலும் நல்லவர்களாக இருந்துவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எனக்குப் பெரிய பேஜாரே அதுதான். ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மாமா நினைத்தாலும் மறுத்திருக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் முறை உள்ள தாய்மாமன் ஒரு பெண்ணை வேண்டாம் என்றால் கதை அவரோடு முடியாது. சொந்த மாமனே வேண்டாம் என்கிறான், பெண்ணிடம் ஏதோ கோளாறு என்று ஊர் பேசும். அப்புறம் அவளுக்கு வேறு இடமும் அமையாது. அதனால் மாமாவுக்கு என்ன எண்ணம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு என்ன எண்ணம் என்றும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் இதைப் பற்றியே பேச்சாக இருந்தது, கேள்வி மட்டும் இல்லை.

அப்பாவுக்கு நான் படிக்க வேண்டும் என்று இருந்தது. அம்மாவை எதிர்த்துச் சொல்லவும் தெம்பு கிடையாது. அத்தனை வண்டிகளை வழி மாற்றிவிட்ட மனுஷர், வீட்டுக்குள் ஒரு பேச்சை வழி மாற்றத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம், இவள படிக்க அனுப்பலாமான்னு."

அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

பூ கேட்பது என்றால் இதுதான். மாமா இருந்த குப்பத்தில் சவுக்குத் தோப்புக்குள் எங்கள் குலதெய்வமான அம்மனுக்கு ஒரு சின்னக் கோயில். கல்யாணம், காடு கழனி, கடல், எதுவானாலும் முடிவு தெரியாதபோது அங்கே போய் நிற்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரிப் பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். வயசுக்கு வராத பெண் குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் கேட்டது ஆகட்டும் என்று அர்த்தம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே கடலில் போட்டுவிடுவார்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு பூவும் மணக்காத பூவாக இருக்க வேண்டும். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செம்பருத்தி. மூக்கில் ஒட்டிவைத்தாலும் ஒன்றும் தெரியாது. மற்ற நாளில் அந்த அம்மனுக்கு மல்லிகை, மருக்கொழுந்து, தாழம்பூ எல்லாம் உண்டு. பூ கேட்கிற நாளில் மட்டும் மணக்கிற எதுவும் சந்நிதி எல்லைக்குள் வரக் கூடாது, வந்தவர்கள் தலையில்கூட. போதாததற்குப் பூசாரி தூபக்காலில் தணலை நிரப்பிச் சாம்பிராணியை அள்ளிப் போட்டு இடத்தையே புகைமூட்டமாக ஆக்கிவிடுவார். அம்மனுக்குப் பாதி, மூக்கைக் கட்ட மீதி என்று அவரே சொல்வார்.

பூவைக் கட்டுவது யார் என்றால் பெண்ணின் தாய்மாமன். அது அவருடைய உரிமை. எடுக்க வேண்டிய குழந்தை என்று பார்த்தால் எங்கள் வகையறாவில் அப்போது வயசுக்கு வராத பெண் ஒரே ஒருத்திதான், மாமாவின் மகள்.

"கட்றதும் அவுரு, எடுக்கறதும் அவுரு பொண்ணு. நல்ல நாயந்தாம்மா இது" என்றேன் அம்மாவிடம்.

"அம்மன எதுத்தா பேசற? நாக்கு அழுவிடும்" என்றாள் அம்மா. அதற்கப்புறம் பஸ் ஏறுகிறவரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா வழக்கம்போல என் தலையில் ஒரு முழம் மல்லிகையைச் செருகிவிட்டாள். அம்மா அதைப் பிடுங்கிப் பூக்காரம்மாவின் கூடையிலேயே போட்டாள். பிடுங்கிய வேகத்தில் நாலு முடியும் கூட வந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் போய்ச் சேர்ந்தது. மாமல்லபுரத்தில் இறங்கிக் கல் கொத்துகிற கொட்டகைகளைத் தாண்டி மணலில் நடந்தோம். உளிச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே விழுவதுபோல் இருந்தது.

மாமா வீட்டு வாசலில் குழந்தை நின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் "அக்கா" என்று ஓடிவந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. தலை வாரியிருக்கவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா இன்னாடி அக்கா, அம்மான்னு கூப்புடு" என்று சிரித்தாள். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே ஓடியிருப்பேன், எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது.

அதைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்த் தலை வாரிவிட்டேன். அங்கே ஓட்டைத் தவலை ஒன்றில் மண் நிரப்பி மருக்கொழுந்து வைத்திருந்தார்கள். செத்துப்போன அத்தை வைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதில் ரெண்டு கொத்து கிள்ளித் தலையில் செருகிக்கொள்வாள் என்று எனக்கு நினைவிருக்கிறது. உப்புக் காற்றில் அது எப்படித் தழைத்ததோ, மாமா விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழந்தை ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டது, பிறகு என் மூக்கிலும் வைத்தது.

"எங்கம்மா வாசன" என்றது. "டெய்லி மோந்து பாப்பேன்."

"சந்நிதிக்கி போறப்போ கையக் கழுவிட்டு வரணும்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"அக்கா, நீ எங்க வூட்லயே இருக்கப் போறியா?"

"அம்மனத்தான் கேக்கணும்."

"நான்தான எடுக்கப் போறேன்" என்றது குழந்தை, பெரிய மனுஷி மாதிரி.

அதன் கையைக் கழுவிவிடக் குனிந்தபோதுதான் செடியைச் சரியாகப் பார்த்தேன். நடுவில் நல்ல கொழுந்தாக ஒரு கொத்தைக் கிள்ளியிருந்தார்கள். கிள்ளிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. குழந்தை கிள்ளினது ஓரத்து இலையை, இது வேறு. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து பூவரச இலையை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இத்தனை நாள் வாயைத் திறக்காத மனுஷர், கடைசியில் பொட்டலத்தில் வேலையைக் காட்டுகிறார். சிவப்புப் பூவோடு மருக்கொழுந்தை வைத்துக் கட்டிவிட்டு, மணக்கிறதை எடு என்று மகளிடம் சொல்லிவைத்திருப்பார். தன் அம்மாவின் வாசனையைக் குழந்தை எந்தப் புகையிலும் கண்டுபிடித்துவிடும். வஞ்சிரம் பொட்டலமும் பூ பொட்டலமும் ஒரே கைதானே கட்டுகிறது என்று மனசுக்குள் அவரைக் கரித்துக் கொட்டினேன்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். "அப்பா" என்றேன். "எல்லாம் அம்மன் பாத்துக்கும்மா" என்று திரும்பாமலே சொன்னார். சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? சந்நிதிக்குக் கிளம்பும்போது தாய்மாமன் மேல் பழி போடுகிறாள், படிப்புத் திமிர் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

கோயில் என்று சொன்னாலும் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத செங்கல் மாடம்தான். முன்னால் சூலம், பக்கத்தில் வேம்பு. பூசாரி மற்ற நாளில் வலை பின்னுகிறவர். தேங்காய் ஓட்டுத் தணலை ஊதி ஊதிச் சிவக்கவைத்து, சாம்பிராணியை ஒரு பிடி போட்டார். குப்பென்று கிளம்பிய புகை சவுக்குக்கு நடுவில் போக வழியில்லாமல் எங்கள் மேலேயே சுற்றியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. மாமா இரண்டு பொட்டலங்களையும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"கேளுப்பா" என்றார் பூசாரி.

அப்பா கையைக் கூப்பினார். "தாயே, எம் பொண்ண படிக்க அனுப்பலாமா? அனுப்பலாம்னா வெள்ள குடு. வாணாம், இங்கயே மாமன் வூட்ல வாழட்டும்னா செவப்பு குடு."

புகை ஒரு நிமிஷம் விலகியபோது நான் பார்த்தேன். இடது பக்கத்துப் பொட்டலத்தின் மடிப்பில் பச்சையாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பூவரசின் பச்சை இல்லை, சாம்பல் பூத்த பச்சை. மருக்கொழுந்துதான். நான் நினைத்தது சரியாகப் போயிற்று. இடது பக்கம் சிவப்பு. குழந்தையின் கை இடது பக்கம் போனால் என் கதை முடிந்தது.

"போ கண்ணு" என்றார் பூசாரி.

குழந்தை போய் அம்மன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. இடது பொட்டலத்தின் மேல் குனிந்தது. அங்கேயே இருந்தது. தலையைத் தூக்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டது. வலது பொட்டலத்தின் மேல் குனிந்தது. மறுபடி இடதுக்கு வந்தது.

"இன்னா மோந்துகினு கீற? எடு சட்டுனு" என்றார் பூசாரி.

குழந்தை திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எடுக்காதே, எடுக்காதே, அந்தப் பக்கம் எடுக்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கை இடது பக்கம் போயிற்று, பொட்டலத்தைத் தொட்டது. பிறகு விலகி, வலது பக்கத்துப் பொட்டலத்தை லபக்கென்று எடுத்துக்கொண்டு ஓடிவந்தது.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அம்மன் இருக்கிறாள், கள்ளத்தனம் செய்தால் விடமாட்டாள் என்று அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த பக்தி வாழ்நாளில் திரும்ப வந்ததில்லை.

பூசாரி நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தார். உள்ளே செம்பருத்தி.

அம்மா "தாயே" என்று மணலில் விழுந்து கும்பிட்டாள். அப்பா கூப்பிய கையை இறக்கவில்லை. எனக்கு எதுவும் ஓடவில்லை. மருக்கொழுந்து அங்கே இருக்கிறது, சிவப்பு இங்கே இருக்கிறது, அப்படியென்றால் என்ன என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி மிச்சப் பொட்டலத்தைக் கடலில் போடுவதற்காகக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னாது இது? மணக்குது."

பிரிக்கக் கூடாத அந்தப் பொட்டலத்தை அவர் பிரித்தார். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை. அதோடு சேர்த்து மடித்த ஒரு கொத்து மருக்கொழுந்து.

"யாரு கட்னது?" என்று கேட்டார், யார் என்று தெரிந்தும்.

"நாந்தான்" என்றார் மாமா.

அப்பாவுக்கு முகம் கறுத்தது. "இன்னா மச்சான் இது? அம்மன் எதுர்லயே தில்லுமுல்லா?"

"வேற எப்டி மாமா சொல்றது? வாணாம்னு நான் வாயத் தொறந்தா இந்தப் பொண்ண ஊரு இன்னான்னு பேசும்? அம்மனே அனுப்ச்சிட்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு பாத்தேன்."

அம்மா மணலிலிருந்து எழுந்தாள். நெற்றியிலும் மூக்கிலும் மணல் ஒட்டியிருந்தது. "எம் பொண்ணு இன்னாடா கொறஞ்சி பூட்டா ஒனக்கு? ஒன் இடுப்புல தூக்கி வளத்தனே, என் மூஞ்சில இப்டி கரியப் பூசறியே." அவசரத்தில் அவள் சொன்னது தலைகீழாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"கொறச்சல் இன்னாக்கா கீது" என்றார் மாமா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "என் பொண்டாட்டிக்கு காமால முத்தி கண்ணெல்லாம் மஞ்சளா பூட்ச்சி. மந்திரிச்சோம், கீழாநெல்லி அரச்சி குடுத்தோம், இங்கயே பொகயப் போட்டுகினு உக்காந்துகினு இருந்தோம். ஆஸ்பத்திரிக்கி போவணும்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. இவ ஆஸ்பத்திரி வேலைக்கி போறேன்னு நிக்கிறா. நான் எப்டிக்கா குறுக்க நிப்பேன்?"

அதற்குள் பூசாரி குறுக்கிட்டார். "அதெல்லாம் வூட்டு விசயம். மணம் பூந்த வாக்கு செல்லாது. வேற எலையில வேற பூ வெச்சி திருப்பி கட்டுங்க."

"குடுங்க, நானே கட்றேன்" என்றாள் அம்மா.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி அந்தப் புகை. பூசாரி சாம்பிராணி டப்பாவைத் திறந்தேவிட்டார். அப்போது மாமா போய்த் தன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எத்தினி தபா கட்னாலும் எம் பொண்ணு எடுக்காது. மாமா, அவளயே ஒரு வார்த்த கேட்டுடேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாமா மேல் வந்த கோபமெல்லாம் அப்போது அப்பா மேல் போயிற்று. இதைச் செங்கல்பட்டிலேயே, அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாமே. இவ்வளவு தூரம் வந்து இத்தனை பேரை அழவைக்க வேண்டியிருந்ததே.

"இன்னாம்மா, நீ இன்னா சொல்ற?"

புகை தொண்டையை அடைத்துவிட்டது. இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. இருமி முடிக்கிறவரை அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"நான் போறேம்பா" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். "சரி, போ." அவ்வளவுதான். தண்டவாளம் மாறிவிட்டது. அம்மா மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூசாரி முணுமுணுத்துக்கொண்டே அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு தேங்காயை எடுத்து உடைத்தார்.

அப்போதுதான் மாமா தோளிலிருந்த குழந்தையைக் கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இன்னா கண்ணு, ஒரே பொகயா இருந்துச்சா? வாசன தெர்லியா?"

"தெர்ஞ்சிது நைனா. அம்மா வாசன."

"அப்பறம் ஏன் எடுக்கல? காத்தாலகூட சொல்லிக் குட்த்தனே."

"அத எடுத்தா அக்கா படிக்க பூடும்னு நீதான சொன்ன" என்றது குழந்தை.

மாமா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை எங்கள் எல்லோருடைய மூக்கையும் கட்டியது. அப்பா அம்மன் பின்னால் ஒளிந்துகொண்டார், மாமா மருக்கொழுந்துக்குப் பின்னால், நான் என் ஊமைக் கோபத்துக்குப் பின்னால். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கையை நீட்டி எடுத்தவள் அவள் ஒருத்திதான். அதற்காக அவள் தொட்டும் எடுக்காமல் விட்டது தன் அம்மா வாசனையை. என்னைக் கட்டிக்கொண்ட புருஷன்கூட, நல்லவர்தான், அவ்வளவு கொடுத்து என்னைக் கேட்டதில்லை. ஆனாலும் நான் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை, அதுதான் இன்னும் அழவைத்தது.

கிளம்பும்போது குழந்தை மாமாவின் தோளிலிருந்து வழுக்கி இறங்கிக் கோயில் பக்கம் ஓடியது. பூசாரி பிரித்துப் போட்ட இலையில் அந்த மருக்கொழுந்துக் கொத்து வாடிக் கிடந்தது. அதை எடுத்து ஊதி, ஒட்டியிருந்த மணலைத் தட்டித் தன் தலையில் செருகிக்கொண்டது. காலையில் நான் வாரிவிட்ட தலை.

நான் குனிந்து கையை நீட்டினேன். "எனக்கு ஒரு எல குடுடி."

அவள் ஒரு கையால் கொத்தைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். மறுபடி கேட்டேன். பின்னால் நகர்ந்து மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் தோப்பைத் தாண்டுகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவள் கையை எடுக்கவே இல்லை. அது அவளுடைய அம்மா வாசனை, எனக்கு எதற்குத் தரவேண்டும்?